இருபது வெள்ளிப் பொய்

போன தீபாவளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து கோப்பெங் வீட்டுக்குப் போனபோது, என் ரெக்கார்டு பிளேயரையும் புது இசைத்தட்டு ஒன்றையும் எடுத்துச் சென்றேன்.

“என்ன விலைப்பா?” என்றார் அப்பா.

“இருபது வெள்ளிதாம்பா.”

உண்மை விலை 190 வெள்ளி. விடியுமுன்னே எழுந்து பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது ஜான் கோல்ட்ரேனின் ‘புளூ டிரெயின்’ என்ற ஜாஸ் இசைத்தட்டு. பதிவான நாள் 1957 செப்டம்பர் 15. நம் நாடு சுதந்திரம் பெற்றுச் சரியாகப் பதினைந்தாவது நாள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார். அங்கேதான் பதிவு. 2022-இல் புளூ நோட் நிறுவனம் அதை மறுபதிப்பாக வெளியிட்டது. இடையில் கணினிக்கு மாற்றாமல், அன்றைய மூல ஒலிநாடாவிலிருந்தே தட்டுக்கான வரிகளை வெட்டினார்கள். விலைக்குக் காரணம் அந்த உழைப்புதான்.

முள்ளை வைத்தேன். டிரம்பெட் ஊதும் லீ மோர்கனுக்கு அப்போது வயது 19 என்றேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டார்.

“திருவிழாவுல நாதஸ்வரம் நிறுத்திட்டுத் தவிலுக்கு வழி விடுவாங்களே, அது மாதிரி ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாசிக்கிறாங்க” என்றார்.

ரவிசங்கர் மீதிருந்த மதிப்பால் கோல்ட்ரேன் தம் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார் என்றேன். “அப்ப நம்ம ஆளுதான்!”

படம் பார்க்க உறையைக் கையில் எடுத்தார். உள்ளேயிருந்து ரசீது விழுந்தது. நான் தலைகுனிந்தேன். அவர் திட்டவில்லை, சிரித்தார்.

“தோட்டத்துல நானும் தவணைக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கினேன். உங்க பாட்டிகிட்ட, கூட்டாளியோடது, ரெண்டு நாளைக்கு வச்சிருக்கச் சொன்னான்னு சொன்னேன். கடைசிவரைக்கும் அவன் வாங்கிட்டுப் போக வரவே இல்ல!”

“அந்தப் பெட்டி எங்கப்பா?”

“தோட்டம் கைமாறி லயத்தைக் காலி பண்ணப்ப லாரியில இடமில்ல. திண்ணையிலேயே விட்டுட்டு வந்தேன்.”

இத்தனை வருடங்களில் அப்பா இதைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. அவருக்குப் பாட்டு பிடிக்கும் என்பது மட்டும் தெரியும்; அதற்காக அவரும் ஒரு பொய் சொன்னார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

ஒரு பக்கம் ஓடி முடிந்து முள் நின்றது.

“திருப்பிப் போடு” என்றார் அப்பா. “190 வெள்ளி கொடுத்திருக்க. ரெண்டு பக்கமும் கேக்கணும்ல?”