சுடாத தோட்டாவோடு ஒரு காலைநடை

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வாகனத்தை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை. குறிப்பிட்ட இடங்களைத் தவிர மற்ற இடங்களில் இறங்கவும் கூடாது. ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு அது. நம் தாமான் நெகாராவைப் போல நாலரை மடங்கு. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்று புகழ்பெற்ற ஐந்தையும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தே பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம்.

ஆனால் அந்தக் காட்டுக்குள் நடந்து போகவும் ஒரு வழி இருக்கிறது. பூங்கா நிர்வாகமே நடத்தும் அதிகாலை நடைப்பயணம். ஒரு குழுவுக்கு எட்டுப் பேர் வரை. கூடவே துப்பாக்கி ஏந்திய இரண்டு வழிகாட்டிகள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. வாரத்தில் ஆறு நாள் வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு அங்கே சொல்லப்பட்ட முதல் விதியே சோதனைதான்: நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. ஒற்றை வரிசை. வழிகாட்டி கையை உயர்த்தினால் நிற்க வேண்டும். எது வந்தாலும் ஓடக்கூடாது.

பெருவிரல் நீளத் தோட்டா

கிளம்புவதற்கு முன் மூத்த வழிகாட்டி இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து எங்கள் கைகளில் சுற்றவிட்டார். என் பெருவிரலைவிட நீளம். நாம் தோட்டா என்று சொல்வது முழுப் பொதியை. பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. பறந்து போவது அந்த நுனிக் குண்டு மட்டும்தான். 1912-இல் அறிமுகமான .375 ரகம் அது. குண்டின் குறுக்களவு ஒன்பதரை மில்லிமீட்டர், எடை சுமார் 19 கிராம். ஆபத்தான பெரிய விலங்குகளுக்கு இதைவிடச் சிறிய ரகத்தைப் பல ஆப்பிரிக்க நாடுகள் ஏற்பதில்லை.

யானையின் எடையோ ஐந்தாறு டன். இந்த 19 கிராம் எப்படி அதை நிறுத்தும்? எங்கள் குழுவில் ஒருவர் கேட்டேவிட்டார்.

சினிமாவில் காட்டுவதுபோலக் குண்டு எந்தப் பெரிய விலங்கையும் தூக்கி எறியாது என்றார் வழிகாட்டி. நொடிக்கு 760 மீட்டர் வேகத்தில் போனாலும் யானையை அது ஒரு விரற்கடை கூடத் தள்ளாது. மூளையையோ முதுகுத்தண்டையோ சென்று சேர்ந்தால்தான் யானை விழும். வழியில் இருப்பதோ தேன்கூடு போல அறை அறையாகக் காற்று நிறைந்த பெரிய மண்டையோடு. அதைத் துளைத்து, உருக்குலையாமல், வளையாமல், நேராகப் போக வேண்டும். அதனால் அவர் துப்பாக்கியில் இருந்தவை 'சாலிட்' எனப்படும் விரியாத கெட்டிக் குண்டுகள். செப்பு அல்லது பித்தளையில் கடைந்தவை. மூக்கு கூராக இல்லாமல் தட்டையாக இருந்தது. தட்டை மூக்குள்ள குண்டுதான் உடலுக்குள் திசை மாறாமல் போகிறதாம்.

சிங்கத்துக்கு இதே குண்டு பொருந்தாது. அதன் உடல் மெல்லியது. கெட்டிக் குண்டு உள்ளே புகுந்து மறுபுறம் வெளியேறி, பின்னால் நிற்கும் எதையாவது தாக்கிவிடும். சிங்கத்துக்கு உள்ளே போனதும் காளான்போல விரியும் குண்டு வேண்டும். ஆனால் ஒரு புதரைத் திரும்பும்போது எதிரே நிற்கப்போவது எது என்று யாருக்குத் தெரியும்? யானையை நினைத்தே துப்பாக்கியை நிரப்புவதாகச் சொன்னார்.

காது கொடுத்தால் காடு பேசும்

நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். முன்னால் புதருக்குள்ளிருந்து 'ஸ்ஸ்' என்று சீறல் போல ஒரு சத்தம். பாம்பு என்று நினைத்து உறைந்து போனேன். வழிகாட்டியின் கை உயர்ந்தது. அது சிவப்பு அலகுள்ள உண்ணிக்கொத்திப் பறவை என்று பிறகு சொன்னார். பெரிய விலங்குகளின் முதுகில் அமர்ந்து உண்ணி தின்னும் பறவை அது. அது சீறிப் பறந்தால், கீழே யாரோ இருக்கிறார்கள் என்று பொருள்.

இருந்தார்கள். மூன்று கிழட்டுக் காட்டெருமைக் கடாக்கள், அறுபது மீட்டர் தூரத்தில், மர நிழலில். நடுவில் நின்றது தலையைத் தூக்கி மூக்கை எங்கள் பக்கம் நீட்டியது. வழிகாட்டியின் தோளிலிருந்து துப்பாக்கி கைக்கு இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. என் இதயத் துடிப்பு ஒலிவாங்கியில் பதிவாகும் அளவுக்குக் கேட்டது. ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா தெரியாது. பிறகு அவை திரும்பிக் காட்டுக்குள் நடந்து மறைந்தன.

ஓய்வெடுத்துப் பசியாறும்போது கணக்குச் சொன்னார். சீறி வரும் யானை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், இருபது மீட்டரைக் கடக்க இரண்டு நொடி கூட ஆகாது. பெரும்பாலும் அது காதை விரித்து மிரட்டிவிட்டு நின்றுவிடும். பொய்ப் பாய்ச்சலா, மெய்ப் பாய்ச்சலா என்று அந்த இரண்டு நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். பதினைந்து ஆண்டுகளில் அவர் எந்த விலங்கையும் சுட்டதில்லை. சுட நேர்ந்தால் காற்றையோ காலடித் தடத்தையோ தான் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வாராம்.

தட்டில் கிடந்த காளான்கள்

பூங்காவுக்குள் வேட்டைக்குத் தடை. வெளியே, உரிமம் பெற்ற தனியார் நிலங்களில் அனுமதி உண்டு. திரும்பும் வழியில் ஒரு சிற்றூரில் வேட்டைப் பொருள் கடையைப் பார்த்தோம். கடைக்காரர் ஒரு தட்டில், விலங்குகளின் உடலிலிருந்து எடுத்த பழைய குண்டுகளை வைத்திருந்தார். சில நசுங்கிச் சிதைந்திருந்தன: செம்புத் தோல் தனி, ஈயம் தனி. சில அழகான காளான்கள்.

வித்தியாசம் தயாரிப்பில் இருக்கிறது. சாதாரணக் குண்டு ஈயத்தின் மேல் செம்புத் தோல் போர்த்தியது. காட்டெருமையின் தோள் எலும்பில் வேகமாக மோதினால் அது மேலோட்டமாகவே சிதறிவிடலாம். 1946-இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் சுட்ட ஒரு மூஸ் மானுக்கு அதுதான் நடந்தது. குண்டு உள்ளே போகாமல் உடைந்தது. அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கிய குண்டில் நடுவே ஒரு செம்புச் சுவர் இருந்தது. முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஆழமாகப் போகும். பிறகு ஈயத்தையும் செம்பையும் பிரியாதபடி பிணைத்த குண்டுகளும், ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகளும் வந்தன. உயர் ரகம் என்று அதிக விலைக்கு விற்கப்படுபவை இவைதான். சிதறாமல், பெரும்பகுதி எடையை இழக்காமல் உள்ளே போவதற்குத்தான் அந்த விலை.

வேட்டை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்தத் தட்டைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. சிதைந்த குண்டுக்குப் பின்னால் சாகாமல் துடித்த ஒரு விலங்கு இருந்திருக்கும். காயம்பட்ட காட்டெருமை புதருக்குள் ஒதுங்கி நிற்கும். அடுத்து அந்த வழியாக விறகு பொறுக்க வருகிறவர் வேட்டைக்காரராக இருக்க மாட்டார். மோசமான குண்டின் விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார்.

நல்ல குண்டு மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. கரமோஜோ பெல் என்ற வேட்டைக்காரர் நூறாண்டுக்கு முன் 1,000-க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவர் பயன்படுத்தியது 7 மில்லிமீட்டர் சிறு குண்டு. யானையின் உடற்கூறு அவருக்கு அத்துப்படி. அந்த அறிவு எதற்குப் பயன்பட்டது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அதே காலத்தில் நம் நாட்டில் தியோடர் ஹப்பேக் இருந்தார். ரப்பர் தோட்டக்காரர். யானையையும் செலாடாங்கையும் வேட்டையாடி, 1905-இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். பிற்காலத்தில் அவரே விலங்குகளைக் காக்கப் போராடினார். இன்று நாம் கோல தஹானில் படகேறிப் பார்க்கும் தாமான் நெகாரா அந்தப் போராட்டத்தின் பலன்.

போக நினைப்பவர்களுக்கு

சிங்கப்பூரிலிருந்து ஜொகன்னஸ்பர்க்கிற்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து சாலை வழியே நான்கைந்து மணி நேரம். மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம்; புல் குட்டையாக இருப்பதால் விலங்குகள் தெளிவாகத் தெரியும். மலேரியா பகுதி என்பதால் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பளிச்சென்ற வெள்ளை, சிவப்பு உடைகள் வேண்டாம். ஸ்குகூசா முகாமில் ஒரு சிங்கத்தின் தோலும் கத்தியும் இருக்கின்றன. 1903-இல் காவலர் ஹாரி வொல்ஹூட்டரைக் குதிரையிலிருந்து வீழ்த்தித் தோளைக் கவ்வி இழுத்துச் சென்ற சிங்கம் அது. துப்பாக்கி கைவிட்டுப் போன நிலையில், அந்தக் கத்தியால் குத்தித்தான் அவர் உயிர் தப்பினார். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

நடைப்பயணத்துக்கு முன்பதிவு செய்யும்போது கைப்பேசியை அறையிலேயே விட்டுவிடத் தயாராகுங்கள். நடை முடிந்ததும் வழிகாட்டி துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் பட்டையில் செருகுவார். எங்கள் நாளில் ஒன்றும் குறையவில்லை.