பாட்டியின் கைப்பை

கிழக்குத் தாம்பரத்தில் எங்களுடன் வாழும் என் பாட்டி, குவைத்தில் கணித ஆசிரியையாக இருந்தவர். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் அங்கே புகுந்தன. பாட்டியின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. என் செய்வது? பஸ்ஸில் பாக்தாத் வழியாக ஜோர்டானின் அம்மான் நகரை அடைந்து, ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். அவ்வாறு மீட்கப்பட்ட இந்தியர் ஏறத்தாழ 1,70,000 பேர்! பாட்டி கொண்டு வந்தது ஒரு கைப்பை மட்டுமே. அதற்குள் அவருடைய சான்றிதழ்கள்.

1991 பிப்ரவரியில் குவைத் விடுதலை பெற்றது. மறு ஆண்டு, பழைய பள்ளியே பாட்டியை அழைத்தது. ஆனால் புதிதாகச் சேர்பவருக்குரிய சம்பளம்தானாம்! வீட்டுக் கடனை எண்ணிப் பாட்டி சம்மதித்தார்.

அப்போது என் அம்மாவுக்கு எட்டு வயது. மீனம்பாக்கத்தில் வழியனுப்பச் சென்றபோது பாட்டியின் கைப்பையை அம்மா விடவே இல்லையாம். "அது இல்லாவிட்டால் வேலை கிடைக்காது, அம்மா போகமாட்டார் என்று நினைத்தேன்" என்கிறார்.