ஒரே முகம்

ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட உறவினரை வழியனுப்பிவிட்டு மீனம்பாக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருந்தோம். மதிலுக்கப்பால் நின்ற விமானங்களை எட்டி எட்டிப் பார்த்த எம் தங்கையின் மகன், “எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதான் மாமா!” என்றான். சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ள எமக்கு மனம் வரவில்லை. வீடு சேர்ந்ததும் நூல்களைப் புரட்டினோம். அவன் கண்டதில் உண்மை இருந்தது.

1949இல் வானேறிய பிரிட்டனின் கோமெட்தான் உலகின் முதல் ஜெட் பயணி விமானம். பிரெஞ்சுக்காரர் காரவெல் விமானத்தை உருவாக்க முனைந்தபோது, கோமெட்டின் மூக்கையும் விமானி அறையையும் உரிமம் பெற்று அவ்வாறே எடுத்துக்கொண்டனர். இதற்கிடையில் 1954 சனவரியிலும் ஏப்ரலிலும் இரு கோமெட்டுகள் இத்தாலியை அடுத்த கடற்பரப்பின்மேல் சிதறி 56 உயிர்கள் மாண்டன. பறக்குந்தோறும் அழுத்தம் ஏறி இறங்கியதால் உலோகம் களைத்து, உடற்கூட்டின் திறப்பு மூலையில் வெடிப்புக் கண்டதே காரணம். குற்றம் உடலில், முகத்தில் அன்று. எனவே 1955இல் காரவெல், கோமெட்டின் முகத்தோடேயே பறந்தது. 1964 முதல் நம் இந்தியன் ஏர்லைன்ஸிலும் அது பணியாற்றியது. அதில் ஏறிய நம் பெரியோர்களுள் எத்தனை பேர், தாம் ஏறியது ஒரு விமானத்தின் உடலும் மற்றொன்றின் முகமும் என அறிந்திருப்பர்!

விமானத்தின் மூக்கு அழகுக்காக அமைந்ததன்று. அது காற்றைப் பிளக்க வேண்டும். உள்ளழுத்தத்தைத் தாங்க வேண்டும். பறவை மோதினும் கண்ணாடி நிலைத்திருக்க வேண்டும். இறங்கும் வேளையில் ஓடுதளம் விமானியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இத்தனையையும் தீர்த்துச் சோதித்து ஒப்புதல் பெற்ற வடிவத்தை மீண்டும் ஆள்வதில் வியப்பென்ன? 1957இல் பறந்த போயிங் 707இன் முகமே 727க்கும், 1967இல் 737க்கும் வாய்த்தது. ஏர்பஸ் ஏ330 இன்னும் விந்தையானது: புறத்தே 1972ஆம் ஆண்டு ஏ300இன் மூக்கு, அகத்தே ஏ320ஐ ஒத்த விமானி அறை. அதனால் ஏ320 ஓட்டிப் பழகியவர் குறுகிய பயிற்சியிலேயே இதற்கு மாறிவிடலாம். கை, பழகிய இடத்தில் பழகிய விசையை நாடும்.

இங்கேதான் எம் மனம் தயங்குகிறது. 737இன் புதுப்பிறவியான மேக்ஸ் விமானத்தில் பெரிய எஞ்சின்கள் சற்று முன்தள்ளிப் பொருத்தப்பட்டன. அதனால் சில வேளைகளில் மூக்கு மேலெழ முற்படும். அதனைத் தானே கீழே தாழ்த்த ஒரு மென்பொருளைச் சேர்த்தனர். பழைய 737 விமானி சிமுலேட்டர் பயிற்சியின்றியே இதனை ஓட்டலாம் என்பது நிறுவனத்தின் வணிக நோக்கம். ஆதலின் விமானிகளின் கையேட்டில் அம்மென்பொருள் விளக்கப்படவில்லை. ஒரே ஒரு உணர்கருவியின் தவறான தகவலை நம்பி அது மூக்கை மீண்டும் மீண்டும் தாழ்த்தியது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர். 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர்.

இலக்கணத்தில் போலி என்றொன்று உண்டு. நிலம் நிலன் ஆவதுபோல, எழுத்து மாறியும் பொருள் மாறாது. இங்கு நேர்ந்ததோ மறுதலை: ஓரெழுத்தும் மாறாமல் பொருள் மாறிவிட்டது. அதைப் படிக்க வேண்டியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஏறத்தாழ 20 மாதங்கள் தரையில் நின்ற அவ்விமானம் மீண்டும் பறக்க 2020 நவம்பரில் அமெரிக்க அரசு இசைந்தபோது, விமானிகள் சிமுலேட்டரில் பயின்றாக வேண்டுமென விதித்தது. இதனைத் தங்கை மகனிடம் கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்தான்.

“இதை மொதல்லயே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல, மாமா?” என்றான்.