பாறையில் ஒருத்தி

கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், கரையை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கிவிடுகிறது. கப்பல் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதற்குள் அடியில் ஆயிரம் மீட்டருக்கு மேல் நீர். கேபிளில் பிணைத்த எந்திரம் ஒன்று அதற்குள் இறங்குகிறது. உள்ளே ஆள் கிடையாது. கப்பலின் இருட்டறையில் திரைமுன் உட்கார்ந்திருப்பவர்கள்தாம் அதன் கண்கள்.

பச்சை நீலமாகிறது, நீலம் கறுக்கிறது. பிறகு விளக்கு பாயும் தூரம்தான் உலகம். அந்த வெளிச்சத்தில் வெண்துகள்கள் ஓயாமல் கீழே இறங்குகின்றன. மேலே செத்தவற்றின் மிச்சம், கழிவு, சளி எல்லாம் கலந்து, பஞ்சாலைக்குள் பறக்கும் தூசிபோல. அதற்கு நடுவே ஒரு சிறிய மீன் அசையாமல் நிற்கிறது. நெற்றியிலிருந்து பின்தலை வரை ஒளி ஊடுருவும் கூடு. கூட்டுக்குள் பச்சையாக இரண்டு குழல்கள், வானம் பார்த்தபடி. கண்கள் அவை. முகத்தில் கண்ணென்று நாம் நினைத்த இரு புள்ளிகளும் வெறும் மூக்குத்துளைகள். இரையைக் கண்டால் கூட்டுக்குள்ளேயே கண்களை முன்னால் திருப்பிக்கொள்ளும்.

இன்னும் கீழே, கருஞ்சிவப்பாக ஒன்று மிதக்கிறது. கைகளுக்கு இடையே தோல் விரிந்து குடையாகிறது. 1903இல் கார்ல் சுன் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் இதற்கு வைத்த பெயரில் இரத்தக்காட்டேரியும் உண்டு, நரகமும் உண்டு. பாவம், அது யார் ரத்தத்தையும் குடிப்பதில்லை. நீளமான இழையொன்றை நீட்டி, விழுகிற அந்த வெண்துகள்களைச் சேர்த்து, சளியில் உருட்டித் தின்கிறது. அது என்ன சாப்பிடுகிறது என்று தெரிய, பெயர் வைத்து நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

எந்திரம் நிற்காமல் இறங்குகிறது. 1,397 மீட்டர். பள்ளத்தாக்கின் சுவரில் ஏறக்குறைய செங்குத்தான ஒரு பாறை முகம். நீரின் வெப்பம் 3 டிகிரி செல்சியஸை ஒட்டி.

2007 ஏப்ரலில் அந்தப் பாறையை நோக்கி ஒரு பெண் ஆக்டோபஸ் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. 38 நாள் கழித்து எந்திரம் திரும்பி வந்தபோது அது பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே ஆக்டோபஸ்தான், உடம்பிலிருந்த தழும்புகள் சொல்லிவிட்டன. கைகளைச் சுருட்டி வளைத்திருந்தது. அவற்றுக்கு அடியில் முட்டைகள்.

ஊதா சாயலோடு, மேலெல்லாம் சொரசொரப்பான தோல். கைகளில் உறிஞ்சிகள் ஒற்றை வரிசை. இந்த இனத்துக்கு மைப்பை இல்லை. இருட்டே மையாக இருக்கும் இடத்தில் அதற்கு என்ன வேலை!

மான்டரே விரிகுடா மீன்காட்சியக ஆய்வு நிறுவனத்தின் புரூஸ் ராபிசனும் அவருடைய குழுவினரும் மறுபடி போனார்கள். அங்கேயே இருந்தது. பிறகும் போனார்கள். மாதம் மாறியது, வருடம் மாறியது, எந்திரம்கூட மாறியது. அதே பாறை, அதே ஆக்டோபஸ், அதே முட்டைகள். முட்டைகள் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகியிருந்தன. நண்டும் இறாலும் பக்கத்தில் திரிந்தன. மிக நெருங்கினால் தள்ளிவிடும், பிடிக்காது. எந்திரக் கையால் நண்டுத் துண்டை நீட்டிப் பார்த்தார்கள். ஏறிட்டும் பார்க்கவில்லை. அது எதையும் தின்றதை ஒருவரும் பார்த்ததில்லை.

ஊதா வெளுத்தது. தோல் தளர்ந்து தொங்கியது. கண்ணில் மங்கல் படர்ந்தது. உடம்பு சிறுத்தது.

இந்த இடத்தில் 'தாய்மை', 'தியாகம்' என்று எழுதப் பேனா தானாக ஓடும். பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பெரும்பாலான ஆக்டோபஸ் இனங்களில் பெண்ணுக்கு வாழ்நாளில் ஒரே ஈற்றுதான். அத்தோடு கதை முடிந்தது. ஆழம் குறைந்த கடலில் பெரும்பாலும் அடைகாப்பு சில மாதத்தில் முடிந்துவிடும். இங்கே குளிர். குளிரில் கரு மெல்ல வளர்கிறது. தாயின் உடம்பும் அதே குளிரில் மெல்லத்தான் எரிகிறது. அந்தக் கணக்கை அது தேர்ந்தெடுக்கவில்லை. முட்டைமேல் வண்டல் படியாமல், புது நீர் போய்க்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதைச் செய்துகொண்டிருந்தது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. நாலரை வருடத்தில் எந்திரம் அங்கே போனது 18 தடவை. ஒவ்வொரு தடவையும் சற்று நேரம் வெளிச்சம், பிறகு விளக்கு அணைந்து மேலே போய்விடும். அதன் வாழ்க்கை என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சில துண்டுகள். நடுவில் கிடந்த மாதங்களில் அது என்ன செய்தது என்பதை இருக்கிற துண்டுகளிலிருந்து ஊகிக்கிறோம்.

2011 செப்டம்பரில் கடைசியாகப் பார்த்தார்கள். அக்டோபரில் போனபோது அதைக் காணோம். பாறையில் முட்டைக் கூடுகளின் கிழிசல்கள். எண்ணினால் 155க்கும் 165க்கும் இடையில் வந்தது. ஆக, அடைகாத்தது 53 மாதம். எந்த விலங்கும் இவ்வளவு காலம் முட்டையை அடைகாத்ததாக அதுவரை பதிவில்லை. வெளியே வந்த குஞ்சுகள் முழு வளர்ச்சி பெற்றவை, வந்த கையோடு இரை தேடக்கூடியவை. நாலரை வருடத்துக்கு அதுதான் கூலி.

மான்டரேக்குத் தென்மேற்கே டேவிட்சன் என்ற கடலடி மலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் 3,200 மீட்டர் ஆழத்தில் 2018இல் வேறொரு காட்சி கிடைத்தது. அங்கே தனிமையே இல்லை. முத்து ஆக்டோபஸ் என்ற வேறோர் இனத்தவை ஆயிரக்கணக்கில், கைகளைத் தலைக்கு மேல் மடக்கி, உடம்பைத் தலைகீழாக்கி, பாறையிடுக்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. சுற்றியுள்ள நீர் 1.6 டிகிரி, இடுக்குகளில் வெப்ப ஊற்று கசிந்து சில இடங்களில் 10 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் அடைகாக்கும் காலம் இரண்டு வருடத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இல்லாவிட்டால் ஐந்து முதல் எட்டு வருடம் ஆகுமாம்.

இங்கே 2022இல் ஒரு கேமராவையே விட்டுவிட்டு வந்தார்கள். 20 நிமிடத்துக்கு ஒரு படம், ஆறு மாதம். வேலை முடிந்த தாய்கள் சாகின்றன. நத்தையும் கடல் அனிமோனியும் இறாலும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. காலியான இடுக்குக்கு அதிக நேரம் ஓய்வு கிடைப்பதில்லை. அடுத்த பெண் வந்து, ஊற்றுக்கு நேராக உடம்பைச் சரிசெய்து உட்கார்ந்துவிடுகிறது.