இருட்டிய பிறகும் நடக்க வேண்டிய பாதை... கிண்டி வளாகத்தில் ஒரு நடை!

சர்தார் படேல் சாலையில் எந்த நேரமும் ஹாரன் சத்தம்தான். அண்ணா பல்கலைக்கழக வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால், அந்தச் சத்தம் அப்படியே பின்வாங்கிவிடும். இரண்டு பக்கமும் மரங்கள். எதிரே கடிகாரக் கோபுரத்தோடு சிவப்புக் கட்டடம். முதல் வருடம் சேர வரும் எந்தக் குடும்பமும் அதன் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுக்காமல் போகாது.

1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920-ல் கிண்டிக்குக் குடிவந்த கல்லூரி இது. 1940-ல் ஒரு பெண் இங்கே மின் பொறியியல் படிக்க வந்தார். பெயர் லலிதா. 18 வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். அவருடைய சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டு, பெண்பாலில் திருத்திக் கொடுத்தார்களாம். பெண்கள் வருவார்கள் என்று அச்சுக்கூடம்கூட எதிர்பார்க்காத காலம் அது!

இன்று வளாகம் முழுக்க மாணவிகள். லேப் முடிய நேரமாகும், நூலகத்தில் நேரம் போவதே தெரியாது. அதன் பிறகு ஹாஸ்டலுக்கு நடக்க வேண்டும். பகலில் நிழல் தரும் அதே மரங்கள்தான் இரவில் விளக்கு வெளிச்சத்தை மறைக்கின்றன.

2024 டிசம்பர் 23 இரவு, இந்த வளாகத்துக்குள் நண்பருடன் இருந்த ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். குற்றவாளி வெளியாள். நண்பரை மிரட்டி விரட்டினான். வீடியோ எடுத்துவிட்டதாகச் சொல்லி மாணவியை மிரட்டினான். 'வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்' என்று அந்தப் பெண் பயப்படுவார், வாயே திறக்க மாட்டார் என்பதுதான் அவன் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கு பொய்த்தது. அடுத்த நாளே புகார் கொடுத்தார் மாணவி. 25-ம் தேதி அவன் கைது.

ஆனால், புகார் கொடுத்தவருக்கு நடந்த அநியாயமும் உண்டு. அவரது விவரங்களோடு எஃப்.ஐ.ஆர் வெளியே கசிந்தது. அதில் எழுதியிருந்த விதமே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்வதுபோல இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு, மாணவியிடம் எந்தக் கட்டணமும் வாங்காமல் படிப்பைத் தொடரவிட வேண்டும் என்று உத்தரவுகள் வந்தன. 2025 ஜூன் 2-ல் சென்னை மகளிர் நீதிமன்றம், 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்தே மாதத்தில்!

இப்படி ஒன்று நடந்ததும் எல்லா ஊரிலும் முதலில் கேட்கும் குரல், 'ராத்திரியில் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை?' அடுத்து, ஹாஸ்டல் கேட்டைச் சீக்கிரம் பூட்டுவார்கள், பெண்கள் ஹாஸ்டலை மட்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு போடக் கூடாது என்று யு.ஜி.சி-யின் 2015 விதிமுறைகளே சொல்கின்றன. பல பெற்றோருக்கு இது தெரியாது. சில கல்லூரி நிர்வாகங்களுக்குத் தெரிந்தும் தெரியாததுபோல!

அதே விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் புகார் தரலாம். குழுவில் யார் யார் என்று அட்மிஷன் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஃபீஸ் கட்டும் கவுன்ட்டரைக் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

போலீஸுக்குப் போக, சம்பவம் நடந்த இடத்து ஸ்டேஷனைத் தேடி அலைய வேண்டாம். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர் பதிய வேண்டும் என்பது சட்டம். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றம். தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தந்தாக வேண்டும். அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் ஒரு பேப்பரில் சுற்றி வைக்க வேண்டும். மிரட்டி வந்த மெசேஜ்களை அழித்துவிடக் கூடாது. பயத்திலும் அருவருப்பிலும் முதலில் செய்யத் தோன்றுவது இவை இரண்டும்தான்.

மொபைலில் 'காவல் உதவி' செயலி இருந்தால் அதன் சிவப்புப் பட்டனை அழுத்தலாம். இல்லையென்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181, இரவிலும் எடுப்பார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஹாஸ்டல் வாசல்களில் போன் பேசும் நேரம். 'சாப்பிட்டியா, ரூமுக்குப் போயிட்டியா' என்று வீட்டில் கேட்பார்கள். 'எது நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு, உன்னைத் திட்ட மாட்டோம், படிப்பையும் நிறுத்த மாட்டோம்' என்பதையும் அந்த போனிலேயே சொல்லிவிடலாம். வீடியோவைக் காட்டி மிரட்டுபவன், வீட்டில் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் வருகிறான்.