பிரித்தவர் பெயரில்லாத பாட்டு

காதல் தோல்விப் பாட்டென்றதும் நம்மிற் பலர் முகஞ் சுளிப்பதுண்டு. இளைஞரை மயக்கும் அபின் என்று ஒரே சொல்லிலே அதனைத் தள்ளிவிடுவது முற்போக்கு வட்டாரங்களிற் பழகிப்போன வழக்கம். ஆனால், ஒரு மொழியைப் பேசும் மக்கள் எழுபது ஆண்டுகளாகச் சில பாட்டுகளைக் கேட்டு அழுகின்றனர் எனில், அந்த அழுகை எங்கிருந்து வருகின்றது என்று கேட்பது நமது கடமையல்லவா?

1953இல் வெளியான 'தேவதாஸ்' படப் பாட்டுகளையே எடுத்துக்கொள்வோம். இசையமைத்த சி. ஆர். சுப்பராமன் படம் முடியுமுன்பே, 1952இல், காலமானார். பாடிய கண்டசாலாவின் குரலோ கிராமந்தோறும் ஒலிபெருக்கிகளில் ஏறியது. அகில இந்திய வானொலியில் அக்காலத்தில் திரைப்பாட்டுக்கு இடமில்லை. 1952இல் அமைச்சரான கேஸ்கர் அதனை இழிந்த சரக்கென்று ஒதுக்கினார். தமிழ்நாட்டார் நமது இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினர். அங்கிருந்து வந்த சோகத்தை நாம் கடல் தாண்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்!

இந்தச் சோகத்தின் வேர் எது? சரத் சந்திரரின் நாவலிலே (அது 1917இல் வெளிவந்தது) விடை ஒளிவுமறைவின்றிக் கிடக்கின்றது. பார்வதியின் குடும்பம் பெண்ணுக்குப் பணம் வாங்கும் குடும்பம், அந்தஸ்திற் குறைந்தது, போதாதற்கு அடுத்த வீடு. ஜமீன்தாரின் கௌரவம் சம்மதிக்கவில்லை. நள்ளிரவிலே தனியே வந்து கேட்ட பார்வதிக்கு மறுமொழி சொல்லும் துணிவு மகனுக்கும் இருக்கவில்லை. ஆனால் பாட்டிலே ஜமீனும் இல்லை, தகப்பனாரும் இல்லை. உலகம் மாயையாகிவிடுகின்றது, விதி குற்றவாளிக் கூண்டில் ஏறுகின்றது. விதியை எவர் குறுக்கு விசாரணை செய்வது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தேவதாசனாற் குடித்துச் சாக முடிந்தது; குடியானவர் உழைப்பு அவன் பெட்டிக்குப் பணமாக வந்துகொண்டிருந்தது. பார்வதியோ வளர்ந்த பிள்ளைகளையுடைய முதியவருக்கு வாழ்க்கைப்பட்டு, அந்தப் பெரிய வீட்டின் பொறுப்பனைத்தையும் சுமந்தாள். அவளுக்குத் துயரப்பட ஓய்வேது? தேநீர்க்கடையிலே கண்கலங்குகிற ஆண்கள் தம்மைத் தேவதாசனாகவே காண்கின்றனர். அவர்களிற் பலருக்கு ஒரு பரப்புக் காணிகூட இல்லை என்பது வேறு கதை.

1978இல் நாம் மலைநாட்டிலே படிப்பித்த காலத்தில், விடுதி அறையில் நம்முடன் வடமராட்சி நண்பர் ஒருவர் இருந்தார். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். வருடத்தில் மூன்று விடுமுறைக்கு மாத்திரம் முகம் பார்க்கலாம். இடமாற்றம் கேட்டு அவர் எழுதிய விண்ணப்பங்களுக்கு மேலிடத்திலிருந்து ஒழுங்கான பதிலே வருவதில்லை. இரவானால் டிரான்சிஸ்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அந்தப் பழைய பாட்டுகளுக்காகக் காத்திருப்பார். காதலில் அவர் தோற்றவரல்லர், ஆயினும் அழுவார். மேலிடத்தைப் பற்றி நாம் பேச்செடுத்தால், "அது தலையெழுத்து மாஸ்டர், ஆரை நோகிறது?" என்பார். அவரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. அந்தக் குளிரிலே, அழுவதற்கு வேறெவரும் அவருக்கு இடங்கொடுக்கவில்லை.

விடுதிக்குக் கீழே தோட்ட லயங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்திருந்தது. ஒரே லயத்தில் அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம். அவர்களை மன்னாருக்கு ஏற்றிச்சென்ற புகைவண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த தோட்டப் பாடல்களைப் படித்தவர்கள் அறிவார்கள்: அங்கே கங்காணி இருக்கின்றான், துரை இருக்கின்றான், கணக்கப்பிள்ளை இருக்கின்றான். துயரத்தோடு அதைத் தந்தவனும் பாட்டிலே நிற்கின்றான்.

ஒரு குடும்பம் புறப்படுவதற்கு முந்திய இரவு, கிழவி ஒருத்தி லயத்து வாசலிலிருந்து ஒப்பாரி வைத்தாள். ஆள்கட்டி வந்த கங்காணியில் தொடங்கி, துரை, கந்தோர், பாஸ்போட் என்று ஒவ்வொன்றாக இழுத்து ஏசினாள். நண்பர் டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் குறைத்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இந்த மனிசிக்கு ஆரை நோகவேணுமெண்டு தெரியுது" என்றார்.

அடுத்த தவணையிலும் அவருக்கு இடமாற்றம் கிடைக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தை அம்முறை அவர் தனியாக எழுதவில்லை. விடுதியிலிருந்த ஐந்து பேரும் கையெழுத்திட்டிருந்தோம்.