கடைசி நிரையில் ஒருவர்

குருணில், ஜெராய் மலை தெரியும் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அம்மா பால்மரம் வெட்டினார். விடியுமுன் பிரட்டுக்குப் போனால், பாலை நிறுத்துக் கிராணி கணக்கெழுதிய பிறகே வீடு திரும்புவார். இதற்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? எனக்கே இறுதியாண்டில்தான் விளங்கியது.

தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில், டாம்கேட்டில் ஓடும் ஜாவா வழங்கி ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஊழியர்களின் மிகுதிநேரக் கணக்கை நினைவகத்தில் சேர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பில் எழுதும் பகுதியை நான்தான் அதில் சேர்த்தேன். அதன் பிறகு, நிறுத்தக் கட்டளை கொடுத்தாலும் வழங்கி நிற்கவில்லை. ஒவ்வோர் இரவும் 'கில் -9' கொடுத்துக் கொன்றுவிட்டுப் போவேன். மூன்றாம் வாரம் சிலருடைய கணக்கில் மணிகள் குறைந்தன. குறைந்தது அவர்களுடைய சம்பளம்.

அன்றிரவு 'ஜேஸ்டேக்' கருவியால் ஓடும் இழைகளைப் பட்டியலிட்டேன். 'பூல்-1-த்ரெட்-1' என்று ஒன்று அடுத்த வேலைக்காகக் காத்திருந்தது. என்னுடையதுதான்! டீமன் அல்லாத இழை ஒன்று உயிரோடு இருந்தாலும் ஜாவா இயந்திரம் தானாக நிற்காது. நான் தொடக்கிய எக்ஸிகியூட்டரை மூடவே இல்லை.

"டீமனாக்கிவிடு தம்பி, நின்றுவிடும்," என்றார் மூத்தவர் ஒருவர். உண்மைதான். ஆனால், டீமன் இழையை இயந்திரம் பாதியிலேயே கைவிட்டுப் போகும்; எழுதாத கணக்கு அப்போதும் அழியும்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் பழைய கதை ஒன்றைச் சொன்னார். கடைசி நிரையில் இருந்த அவரை விட்டுவிட்டு ஒருநாள் லாரி போய்விட்டதாம். வாளிகளைச் சுமந்து ஸ்டோருக்குப் போவதற்குள் பால் உறைந்து, ஒட்டுப்பால் விலைக்குத்தான் போனதாம். "லாரிக்காரனுக்கு அவசரம்பா. கூலி போனது யாருக்கு?"

மறுநாள் நிறுத்தும் பகுதியைத் திருத்தினேன். முதலில் 'ஷட்டவுன்': புது வேலை இல்லை என்ற அறிவிப்பு. பிறகு 'அவெய்ட்டெர்மினேஷன்': ஓடும் வேலை முடிய முப்பது விநாடிக் காத்திருப்பு. முடியாவிட்டால் 'ஷட்டவுன்நவ்'. கடைசியாக, நினைவகத்தில் மிஞ்சிய கணக்கைக் கோப்பில் எழுதுதல். இழைக்கு ஒரு பெயரும் வைத்தேன், அடுத்து வருபவர் தேடி அலையக்கூடாது என்று.

இப்போது வழங்கி தானாக நிற்கிறது, கணக்கும் குறைவதில்லை. நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, ஓர் இழையைத் தொடக்கும் அன்றே அதை நிறுத்தும் வழியையும் எழுதி வையுங்கள். லாரியை எடுக்குமுன் கடைசி நிரையை ஒருமுறை பாருங்கள்.